8 கிலோ தாங்கும் டிரைபாடில் 5 கிலோ லென்ஸ் ஏன் ஆடுகிறது?

தாமிரபரணிக்கரை | 16 நவம்பர் 2024, இரவு 9:12

நிக்கான் 500 மி.மீ. எஃப் 4 ஜி லென்ஸ் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். கேமரா பாடி டி500. இரண்டும் சேர்ந்து 5 கிலோவைத் தாண்டாது. கையிலுள்ள அலுமினிய டிரைபாட் (கேமரா முக்காலி) 8 கிலோ தாங்கும் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறது. மேலே பால் ஹெட் (உருண்டை மூட்டில் எந்தப் பக்கமும் திரும்பும் தலை). ஆனால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் விடிந்ததும் 1/80 நொடி ஷட்டரில் எடுத்த கரண்டிவாயன் பறவைப் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. பழைய 150-600 மி.மீ. ஜூம் லென்ஸைக் கையில் பிடித்து எடுத்ததே பரவாயில்லை. கோளாறு லென்ஸிலா, டிரைபாடிலா? புது டிரைபாட் என்றால் கால்களுக்கு மட்டும் 45 ஆயிரம் வரை போகலாம். ஹெட்டுக்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறேன். அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்க.

நத்தைகுத்தி | 16 நவம்பர், இரவு 10:35

தம்பி, எடை தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. பெட்டியில் போட்டிருக்கும் 8 கிலோ, கால் மடங்காது, பூட்டு வழுக்காது என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். அதையும் எப்படி அளப்பது என்று கம்பெனிகளுக்குள் பொதுவான முறை கிடையாது. ஒருவர் சொல்லும் 8-ம் இன்னொருவர் சொல்லும் 20-ம் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல.

கணக்கைப் பாருங்கள். டி500-இல் ஒரு பிக்சல் சுமார் 4.2 மைக்ரான். அதை 500 மி.மீ. குவியத் தொலைவால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு உரிய கோணம் கிடைக்கும். உங்கள் லென்ஸ் ஏறக்குறைய 39 செ.மீ. நீளம். பின்பக்கம் அப்படியே நிற்க, முன்முனை மட்டும் 3 மைக்ரானைச் சற்றுத் தாண்டி அசைந்தாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. 1/80 நொடிக்குள் இதைப் போல் நாலைந்து மடங்கு ஆட்டம் வர, மெல்லிய காலும் கொஞ்சம் காற்றும் போதும்.

ஆனால் டிரைபாட் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். படத்தை முழு அளவில் திறந்து, பறவையின் கண்ணில் விழும் ஒளிப்புள்ளியைப் பாருங்கள். அது ஒரு பக்கமாகக் கோடு போல் இழுபட்டிருந்தால், இல்லை இரண்டாகத் தெரிந்தால், அசைவு. புள்ளி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கி, பறவைக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் புல் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. அதற்கு எந்த டிரைபாடும் உதவாது. ஏஎஃப் ஃபைன் டியூன், அதாவது தானியங்கி ஃபோகஸை அந்த லென்ஸுக்கு ஏற்பத் திருத்துவது, செய்ய வேண்டும்.

தாமிரபரணிக்கரை | 17 நவம்பர், காலை 7:50

பார்த்தேன் அண்ணாச்சி. கோடுதான். பக்கவாட்டில் இழுத்திருக்கிறது.

நத்தைகுத்தி | 17 நவம்பர், மதியம் 1:20

பக்கவாட்டில் என்றால் முறுக்கு. மெல்லிய டிரைபாட் முதலில் தோற்கும் இடம் அதுதான். மேலிருந்து கீழே அழுத்திப் பார்த்து, 'ஆஹா, பாறை மாதிரி நிற்கிறது' என்று எல்லோரும் ஏமாந்துபோவார்கள். அழுத்திப் பார்க்கக் கூடாது. கால்களை முழுதாக நீட்டி, மூன்று காலும் சேரும் தலைப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து, ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகுவதுபோல் இடம் வலமாகத் திருகிப் பாருங்கள். கையை எடுத்ததும் ஸ்பிரிங் போலத் திரும்புகிறதென்றால் அந்த ஸ்பிரிங்கின் மேல்தான் உங்கள் 500 உட்கார்ந்திருக்கிறது.

இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குழாயின் விட்டம். சுவரின் தடிமன் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், மெல்லிய சுவர்க் குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 28 மி.மீ. குழாயிலிருந்து 36-க்குப் போனால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல். விலைப்பட்டியலில் 8 மி.மீ. அற்ப வித்தியாசமாகத் தெரியும். வயலில் இறங்கினால் அதுதான் எல்லாமே.

எனவே 500 எஃப் 4, 600 எஃப் 4 வகை லென்ஸ்களுக்கு மேல்குழாய் குறைந்தது 32 மி.மீ., முடிந்தால் 36. நீங்கள் சொன்ன பணத்தில் லியோஃபோட்டோ எல்எஸ்-364சி போன்றவற்றைப் பார்க்கலாம். அவர்கள் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 36 மேல்குழாயின் விட்டம், ஒவ்வொரு காலிலும் 4 அடுக்குக் குழாய், சி என்றால் கார்பன். ஜிட்ஸோவில் சீரிஸ் எண்தான் குறிப்பு. சீரிஸ் 3 என்றால் சுமார் 33 மி.மீ., சீரிஸ் 5 என்றால் சுமார் 41. எந்தக் கம்பெனியானாலும் கிலோ கணக்கைப் படிக்காதீர்கள், மில்லிமீட்டரைப் படியுங்கள்.

நத்தைகுத்தி | 17 நவம்பர், மதியம் 1:34

சென்டர் காலம், அதாவது நடுத்தண்டு, உள்ளதை வாங்க வேண்டாம். மேலே சொல்ல மறந்தது இதுதான். மூன்று கால்களை உறுதியாக ஊன்றிவிட்டு, அவற்றின் நடுவில் ஒற்றைக் குழாயை உயர்த்தி அதன் உச்சியில் லென்ஸும் கேமராவும் ஹெட்டும் சேர்ந்த 6 கிலோவை வைப்பதில் அர்த்தமே இல்லை. அந்தத் தண்டைத் தூக்காமல் இறக்கியே வைத்தாலும் அதன் பூட்டு இன்னொரு மூட்டுதான். தட்டையான மேல்தட்டு நேராகக் கால்களில் உட்காரும் வகையே நமக்கு.

நத்தைகுத்தி | 19 நவம்பர், இரவு 8:05

உயரம் பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

உங்கள் உயரம் 170 செ.மீ. என்றால் கண்மட்டம் சுமார் 158. ஜிம்பல் ஹெட்டும் (கனமான லென்ஸைச் சமன் செய்து தொங்கவிடும் தலை) கேமராவும் சேர்ந்து 22 முதல் 25 செ.மீ. ஏற்றிவிடும். ஆக, லென்ஸ் படுக்கைவாட்டில் இருக்கும்போது 134 செ.மீ. கால் போதும். பலர் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மரத்தில் இருக்கும் பறவையை நோக்கி லென்ஸை 40 டிகிரி தூக்கினால் என்ன ஆகும்? ஜிம்பலின் அச்சுக்கு 25 செ.மீ. பின்னால் இருக்கும் வியூஃபைண்டர் 16 செ.மீ. கீழே இறங்கும். இப்போது 150 செ.மீ. தேவை. இல்லாவிட்டால் இருவாச்சி பழத்தைக் கொட்டும் அந்த நேரத்தில் நீங்கள் முதுகை வளைத்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்பீர்கள். உடம்பு வளைந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் டிரைபாடும் நடுங்கும்.

3 அடுக்கா 4 அடுக்கா என்றால், விறைப்புக்கு 3, பயணத்துக்கு 4. 36 மி.மீ.-இல் தொடங்கும் நான்கு அடுக்குக் காலின் கடைசிக் குழாய் 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். மூன்று அடுக்கில் அந்த மெல்லிய துண்டே கிடையாது. ஆனால் மடித்த நீளம் கூடும். அரசுப் பேருந்தில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வால்பாறை ஏறுகிறவனுக்கு அந்தப் பத்து சென்டிமீட்டர் பெரிய விஷயம். சொந்தக் கார் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 3 அடுக்கு.

நத்தைகுத்தி | 20 நவம்பர், காலை 6:40

உயரத்தில் இன்னொன்று. 150 என்பது சமதளத்துக்கு. மலைச்சரிவில் பள்ளத்தில் ஊன்றும் கால்களுக்கு இன்னும் 15 செ.மீ.யாவது நீளம் வேண்டும். வால்பாறை, மேகமலை, கோத்தகிரிப் பக்கம் போகிறவர்கள் நீளமான மாடலையே எடுங்கள். சரிவில் ஒரு காலை மேட்டுப் பக்கமும் இரண்டைப் பள்ளத்துப் பக்கமும் வையுங்கள். சமதளத்தில் ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருக்கட்டும், அப்போது நீங்கள் இரண்டு கால்களுக்கு நடுவில் நிற்கலாம், தடுக்காது.

கரையோரப் பறவைகளுக்கு இதெல்லாம் தலைகீழ். உள்ளான்களை நின்றபடி எடுத்தால் சேற்றின் மேல் ஒட்டிய பொம்மை போல இருக்கும். உட்கார்ந்து, முடிந்தால் படுத்து, அதன் கண்மட்டத்துக்கு வர வேண்டும். அங்கே சென்டர் காலம் இல்லாத டிரைபாட் கால்களை அகல விரித்துத் தரையோடு படிந்துவிடும்.

நத்தைகுத்தி | 23 நவம்பர், இரவு 9:55

இங்கே ஒருவர், 'பால் ஹெட் பெரியதாக வாங்கினால் போதாதா, ஜிம்பலுக்கு எதற்குத் தனிச் செலவு' என்று கேட்கிறார். போதாது. பால் ஹெட்டில் கனம் முழுக்க உருண்டைக்கு மேலே இருக்கிறது. பூட்டைச் சற்றுத் தளர்த்தியதும் லென்ஸ் ஒரு பக்கமாகச் சரியும், தளர்த்தாமல் பறவையைத் தொடர முடியாது. சரிந்து விழும் 5 கிலோவுக்கும் கிளாம்புக்கும் (லென்ஸைக் கவ்வும் பிடி) நடுவில் விரல் மாட்டினால் நகம் போய்விடும். லென்ஸ் மவுண்டே வளைந்தவர்களும் உண்டு. ஜிம்பலில் லென்ஸ் அச்சின் மட்டத்துக்கே தொங்குகிறது. பூட்டு எதுவும் போடாமலே எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்.

நிற்க வேண்டுமென்றால் சமன் செய்யத் தெரிய வேண்டும். இதைச் செய்யாமல் ஜிம்பலைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

படத்துக்கு எடுக்கும் நிலையிலேயே எல்லாவற்றையும் மாட்டுங்கள். ஹுட், கன்வெர்ட்டர், பாட்டரி கிரிப் எதுவும் விடுபடக் கூடாது. பக்கத்திருகை முழுதாகத் தளர்த்தி லென்ஸைப் படுக்கையாக வைத்து, ஒரு கை அடியில் தாங்கியபடியே இருக்க, விடுங்கள். மூக்கு கீழே போனால் கிளாம்பைத் தளர்த்தி, லென்ஸின் அடியிலுள்ள பிளேட்டைப் பின்னால் இழுங்கள். கேமரா கீழே போனால் முன்னால் தள்ளுங்கள். இது முன்பின் சமன். அடுத்து லென்ஸை 30 டிகிரி மேலே திருப்பி விடுங்கள். அது மேலும் மேலும் அண்ணாந்துகொண்டே போனால் கனம் அச்சுக்கு மேலே இருக்கிறது, லென்ஸ் உட்காரும் தட்டைக் கீழே இறக்க வேண்டும். தானாகப் படுக்கைக்குத் திரும்பினால் கனம் அச்சுக்குக் கீழே, தட்டை ஏற்ற வேண்டும். இரண்டும் சரியானதும் ஒற்றை விரலால் 5 கிலோவை நகர்த்தலாம். பிளேட்டில் அந்த இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த முறை இருட்டில் மாட்டும்போது அந்தக் கோடு உதவும்.

ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ்களில், டாம்ரான் 150-600, நிக்கான் 200-500 போன்றவற்றில், இந்தச் சமன் ஒவ்வொரு ஜூமுக்கும் மாறும். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் நீளத்தில், பெரும்பாலும் கடைசி முனையில், சமன் செய்துவிட்டுத் திருகைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகின்றன, அவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

நத்தைகுத்தி | 24 நவம்பர், காலை 11:10

விம்பர்லி டபிள்யூஎச்-200 ஜிம்பல் ஹெட்டின் எடை 1.4 கிலோவை ஒட்டி. தம்பியின் லென்ஸ் 3.88, பாடி 0.86. மொத்தம் 6 கிலோவைத் தாண்டுகிறது. முதல் பதிவில் '5 கிலோ' என்று பார்த்துவிட்டுச் சிலர் 28 மி.மீ. கால் போதும் என்று பின்னால் எழுதியிருக்கிறார்கள். ஹெட்டையும் கால்கள்தான் சுமக்கின்றன.

நத்தைகுத்தி | 30 நவம்பர், மாலை 5:25

லென்ஸ் ஃபுட் (லென்ஸை ஹெட்டில் மாட்டும் அடிக்கால்) பற்றி யாருமே பேசவில்லை. கால் 36 மி.மீ., ஜிம்பல் முதல்தரம், நடுவில் லென்ஸோடு வந்த மெல்லிய உயரமான ஃபுட், அதன் அடியில் ஒற்றைத் திருகில் மாட்டிய சின்ன பிளேட். சங்கிலியில் மெலிந்த கண்ணி அங்கே இருக்கிறது. நிக்கானின் இந்த லென்ஸ்களில் வரும் ஃபுட் ஆர்கா ஸ்விஸ் வகைக் கிளாம்பில் (சரிந்த விளிம்பைக் கவ்வும் பிடி) நேராக உட்காராது. உயரம் குறைந்த, அடியிலேயே ஆர்கா வடிவம் செதுக்கிய மாற்று ஃபுட் வாங்கிப் போடுங்கள். டிரைபாட் விலையோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு, பலன் கண்ணால் பார்க்கும்படி இருக்கும். பிளேட்டே பயன்படுத்துவதென்றால் இரண்டு திருகில் மாட்டுவதாக, முனைகளில் தடுப்புத் திருகு உள்ளதாகப் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்தாலும் லென்ஸ் வழுக்கிக் கீழே விழாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். எல்லாவற்றையும் மாட்டி, 50 மீட்டர் தள்ளியிருக்கும் மின்கம்பத்தின் எண்ணை லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) முழு ஜூமில் வையுங்கள். லென்ஸின் முன்முனையை விரலால் லேசாகத் தட்டுங்கள். படம் எவ்வளவு தூரம் துள்ளுகிறது, எத்தனை நேரத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். பிறகு அதே தட்டு பாடியில், அடுத்து ஜிம்பலின் கையில், அப்புறம் காலில். எங்கே தட்டினால் அதிகம் துள்ளுகிறதோ அங்கே பணம் போடுங்கள். கடைக்குப் போகும்போதும் லென்ஸைக் கையோடு எடுத்துப் போய் இதையே செய்யுங்கள். வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதை மறுக்கும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

தாமிரபரணிக்கரை | 30 நவம்பர், இரவு 9:40

தட்டிப் பார்த்தேன். ஃபுட்டுக்குப் பக்கத்தில் தட்டினால்தான் பயங்கர ஆட்டம். ஆனால் கால்களைத் திருகிப் பார்த்ததில் அதுவும் மோசம்தான். இரண்டையும் மாற்றுகிறேன். லென்ஸின் விஆரை (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) ஆனில் வைக்கவா ஆஃப் செய்யவா?

நத்தைகுத்தி | 1 டிசம்பர், காலை 7:15

உங்கள் 500-இல் நார்மல், டிரைபாட் என்று இரண்டு நிலை இருக்கும். ஜிம்பலைத் தளர்த்திப் பறவையைத் தொடரும்போது நார்மல். பூட்டிவிட்டுக் காத்திருக்கும்போது டிரைபாட். சில பழைய லென்ஸ்களில் இந்த வசதி இல்லை, அசைவே இல்லாத இடத்தில் விஆர் தானாக அசைவை உண்டாக்கும். அவற்றில் பூட்டிய நிலையில் ஆஃப்.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெதுவான ஷட்டரில் இடக்கையை லென்ஸின் மேல், காலருக்கு (ஃபுட் பொருந்தியிருக்கும் வளையம்) நேர் மேலாக, கனமாகப் படியவிடுங்கள். புருவ எலும்பு ரப்பர் ஐகப்பில் அழுந்தட்டும். ஷட்டரைக் குத்தாமல் விரலை உருட்டி அழுத்துங்கள். உடம்பு இந்த ஆட்டத்தை உறிஞ்சும். 1/15 முதல் 1/60 வரைதான் ரொம்பக் கெட்ட வட்டாரம், கேமராக் கண்ணாடி எழும் அதிர்வு முழுதாகப் படத்தில் விழும். பறவை அசையாமல் இருந்தால் கண்ணாடியை முதலில் தூக்கிவைத்து எடுக்கும் முறைக்கு மாறுங்கள். டி500-இல் அந்த முறையில் எலக்ட்ரானிக் முன்திரையையும் (ஷட்டரின் முதல் திரை அசையாமலே எடுப்பது) இயக்கலாம்.

நத்தைகுத்தி | 14 டிசம்பர், இரவு 10:20

வேடந்தாங்கல் போயிருந்த நண்பர் ஒருவர், புது டிரைபாட் வாங்கியும் காவற்கோபுரத்தில் படம் ஆடுகிறது என்று புலம்புகிறார். கோபுரமே ஆடும்போது டிரைபாட் என்ன செய்யும்? பள்ளிப் பிள்ளைகள் படியேறி இறங்குகிற ஒவ்வொரு அடியும் தளத்தின் வழியாகக் கால்களில் ஏறி லென்ஸுக்கு வந்துவிடும். மேலே ஆள் நடமாட்டம் இருந்தால் டிரைபாடை மடித்துவிட்டு, விஆரைப் போட்டுக் கையில் பிடியுங்கள், நம் உடம்பு அந்த அதிர்வை வடிகட்டும். கரைமேல் நடைபாதையில் நின்று எடுத்தால் நன்றாக வரும், ஆனால் கால்களைக் குறுக்கே பரப்பிப் பாதையை அடைக்காதீர்கள். அது கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் பார்க்கக் குடும்பத்தோடு வருகிறவர்களின் இடமும்கூட. அவர்கள் பிள்ளைக்கு ஒரு நிமிடம் வியூஃபைண்டரைக் காட்டினால் குறைந்துபோக மாட்டோம்.

பள்ளிக்கரணையிலும் இதே கதை. துரைப்பாக்கம் - பல்லாவரம் சாலையோரம் நின்றால் லாரி போகும் அதிர்வு தரையிலேயே இருக்கிறது. லாரி கடந்த பிறகு அழுத்துங்கள். இன்னொன்று, வெயில் ஏறியதும் சதுப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். அதன் அடையாளம்: வரிசையாக எடுத்த பத்துப் படத்தில் ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி நெளிந்திருக்கும், ஒன்றிரண்டு மட்டும் நன்றாக இருக்கும். 1/2000-இல் எடுத்தாலும் நெளியும். இதற்கு லட்ச ரூபாய் டிரைபாடும் மருந்தில்லை. கிட்டே வரும் பறவையை எடுங்கள், இல்லாவிட்டால் விடியலில் வாருங்கள்.

நத்தைகுத்தி | 15 டிசம்பர், மதியம் 12:45

காரிலிருந்து எடுப்பவர்களுக்கு டிரைபாடே வேண்டாம். முதுமலை சஃபாரியில் கீழே இறங்கவே முடியாது. பீன் பேக் போதும். காலியாகக் கொண்டுபோய், மசினகுடியில் மளிகைக் கடையில் பச்சைப்பயறோ அரிசியோ வாங்கி நிரப்புங்கள். முக்கால்வாசி மட்டும் நிரப்ப வேண்டும், அப்போதுதான் லென்ஸ் பள்ளம் பறித்து உட்காரும். தெர்மாகோல் உருண்டை போட்டு விற்பது லேசாக இருக்கும், கனமான லென்ஸுக்கு அது அமுங்கித் துள்ளும். எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் பையைக் காலி செய்துவிடுங்கள், மழைக்காலத்தில் வண்டு வைத்துவிடும்.

படகிலும் டிரைபாட் வீண். பழவேற்காட்டில் பூநாரைக்குப் படகில் போகிறவர்கள் கையிலேயே பிடித்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு) ஏற்றி ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நத்தைகுத்தி | 28 டிசம்பர், இரவு 9:05

உப்புத்தண்ணீரில் டிரைபாட் வைப்பது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சாதாரணமாகத் தடித்த குழாயை முதலில் நீட்டுவோம், மெல்லியதைக் கடைசியில். சேற்றிலும் உப்பங்கழியிலும் இதை மாற்ற வேண்டும். கடைசி அடுக்கை முதலில் முழுதாக நீட்டினால் அதன் பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும், மணலும் உப்பும் உள்ளே ஏறாது. கொஞ்சம் விறைப்பு போகும், பரவாயில்லை, பூட்டு பிழைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, ட்விஸ்ட் லாக்கை (திருகிப் பூட்டும் வளையம்) கழற்றுங்கள். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் ஷிம் (இடைத்தகடு) இருக்கும். எது எந்தப் பக்கம், எந்தக் காலுக்கு உரியது என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் மரையிலிருக்கும் மணலைத் தேய்த்து, துடைத்து, நிழலில் ஓரிரவு காயவிட்டு, மரையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஷிம்மிலும் குழாயிலும் கிரீஸ் படக் கூடாது, கால் வழுக்கும். தேங்காயெண்ணெய் போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், குளிரில் உறைந்து மணலைப் பிடித்துவைக்கும்.

நத்தைகுத்தி | 11 ஜனவரி 2025, மாலை 6:30

கோடியக்கரைக் காற்றைப் பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையடையாது. உப்பளத்தின் நடுவில் மறைப்பே கிடையாது. அங்கே 500 எஃப் 4-இன் பெரிய ஹுட் காற்றைப் பிடிக்கும் பாய். முதல் வேலை ஹுட்டைக் கழற்றுவது. வெயில் லென்ஸில் நேராக விழாத கோணத்தில் நின்றுகொண்டால் பெரிய நட்டம் இல்லை. இரண்டாவது, கடைசி அடுக்கை உள்ளே தள்ளிவிட்டுத் தரையில் உட்காருங்கள். காற்றும் கீழே குறைவு.

டிரைபாடின் நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். தொங்கும் பை காற்றில் ஊசலாடினால் டிரைபாடையும் சேர்த்து ஆட்டும். பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், வார் மட்டும் இறுகியிருக்க வேண்டும்.

நத்தைகுத்தி | 12 ஜனவரி, காலை 10:15

மரக்கால் பற்றி ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார், சந்தோஷமாக இருக்கிறது. நிலம் அளக்க சர்வேயர் கொண்டுவரும் மர டிரைபாடைப் பார்த்திருப்பீர்கள். மரம் அதிர்வை விரைவில் அடக்கும். ஜெர்மனியில் பெர்லபாக் என்ற கம்பெனி ஆஷ் மரத்தில் இன்றும் டிரைபாட் செய்கிறது. கனமும் பருமனும் அதிகம், வீட்டுத் தோட்டத்திலும் காரிலிருந்து நாலடி தள்ளியும் வைப்பவருக்குப் பிரமாதம். பழைய சர்வே டிரைபாடை வாங்கி மாற்றலாமா என்றால், அதன் நடுத்திருகு 5/8 அங்குலம், நம் ஹெட்டுகளுக்கு 3/8. மாற்றுத்திருகு போட வேண்டும். தச்சரை வைத்துப் புதிதாகச் செய்வதில் மரவேலை சுலபம், மேலே மூன்று காலும் சேரும் மூட்டில் ஆட்டமில்லாமல் செய்வதுதான் கடினம்.

நத்தைகுத்தி | 2 பிப்ரவரி, இரவு 8:50

வால்பாறையில் இருவாச்சி கூட்டுக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டு வரும் செய்திகளுக்கு ஒரே பதில்: கூட்டு மரத்தடியில் டிரைபாட் போடாதீர்கள். பெண் பறவை பொந்தை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறது. பொந்தின் திறப்பு ஒரு பிளவுதான். அதற்கும் குஞ்சுக்கும் உணவு பெரும்பாலும் அந்த ஆணை நம்பித்தான். கீழே நாலு டிரைபாடும் பத்து ஆளும் நின்றால் ஆண் பக்கத்து மரத்திலேயே தயங்கி உட்கார்ந்திருக்கும், பழம் உள்ளே போகாது. கனமான டிரைபாடில் இந்த ஆபத்து அதிகம். தோளில் சுமந்து வந்தாயிற்று, சாய்க்க மனம் வராமல் மணிக்கணக்கில் நின்றுவிடுவோம். பழம் பழுத்திருக்கும் அத்திமரத்தைத் தேடுங்கள், சாலையிலேயே நில்லுங்கள். அத்திக்கு வரும் இருவாச்சி தன் வேலையைப் பார்க்கும், நாமும் நம் வேலையைப் பார்க்கலாம். அங்கே காலை மந்த வெளிச்சத்தில் 1/100-க்கு இறங்க வேண்டிவரும்போது 36 மி.மீ. காலின் அருமை தெரியும்.

பறக்கும் பறவை மட்டும்தான் எடுப்பேன், எப்போதும் 1/2000-க்கு மேல் என்பவருக்கு இந்த இழையில் பாதி தேவையில்லை. அவருக்கு டிரைபாட் என்பது கை ஓய, கனத்தைச் சுமக்க ஒரு துணை மட்டும். மோனோபாடே (ஒற்றைக்கால் தாங்கி) போதும்.

தாமிரபரணிக்கரை | 9 பிப்ரவரி, இரவு 9:30

364சி செகண்ட் ஹேண்டில் ஒன்று மதுரையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும் அண்ணாச்சி?

நத்தைகுத்தி | 9 பிப்ரவரி, இரவு 10:02

எல்லாப் பூட்டையும் தளர்த்திக் கால்களைத் தலைகீழாகப் பிடியுங்கள், குழாய்கள் சிக்காமல் வழுக்கி இறங்க வேண்டும். கரகரப்பு இருந்தால் மணல், கழுவினால் போகும். குழாயில் கோடு கோடாகக் கீறல் பரவாயில்லை. விரிசல் இருந்தால் வேண்டாம்: நகத்தால் குழாய் முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள், ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினால் விட்டுவிட்டு வாருங்கள். பூட்டை இறுக்கிவிட்டு ஒவ்வொரு காலிலும் உங்கள் கனத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், இறங்கக் கூடாது. தலைப்பகுதியில் கால் கோணத்தை நிறுத்தும் மூன்று பூட்டும் 'டக்' என்று உட்காருகிறதா பாருங்கள். தோள்பட்டை மூட்டில் தளர்ச்சி இருந்தால் பயப்படாதீர்கள், அங்கே ஒரு ஆலன் திருகு இருக்கிறது, இறுக்கினால் சரியாகிவிடும். ஒரு காலைப் படுக்கைவாட்டில் தூக்கிவிட்டால் தானாக மெதுவாக இறங்க வேண்டும், அந்த அளவு இறுக்கம். ஆலன் கீயை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.